பட்டப்படிப்புக்குப் பின் இறையியல்: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், ஐ.டி. வேலையில் சில ஆண்டுகள் ஓட்டியவர், வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துபவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பல தரப்பினரும் "இறையியல் படிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நம் சபைகளில் எல்லாருக்கும் கிடைப்பது ஒரே பதில்தான்: "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் வழிநடத்துவார்." ஜெபம் வேண்டியதுதான். கூடவே எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, யார் கையெழுத்து, எந்த மொழி, முடித்த பிறகு எங்கே வேலை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியாமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் திசை தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வழிநெடுக ஒன்றை வலியுறுத்துவேன்: நூலகத்தில் படிப்பதை அவ்வப்போது தமிழில், சபை மக்களிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே படியுங்கள். படிப்பெல்லாம் முடியட்டும், அப்புறம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடப்பதில்லை.

எதற்காகப் படிக்கிறீர்கள்?

குருப்பட்டம் பெற்று ஆயராக வேண்டும் என்பது ஒன்று. இறையியல் கற்பிக்க வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. சபையாராகவே இருந்துகொண்டு விசுவாசத்தை ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பாதை வேறு.

ஆயராக விரும்புகிறவர் கல்லூரிக்கு எழுதுவதற்கு முன்னால் தன் திருச்சபையிடம் பேச வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், மெத்தடிஸ்ட் என்று எந்தச் சபையானாலும், குருப்பட்டம் கொடுப்பது கல்லூரி அல்ல, திருச்சபை. பி.டி. என்ற இறையியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) சேர்த்துக்கொள்ளாமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியவுடன் பணி நியமனம் வரும் என்று எந்தக் கல்லூரியாலும் வாக்குக் கொடுக்க முடியாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கி பல ஆண்டுகள் ஆகின்றன. 2013 இல் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்ப லலிதா பேராயராகவே ஆனார். ஆனாலும் எல்லாத் திருமண்டலங்களிலும் நடைமுறை ஒன்றுபோல் இல்லை. உங்கள் திருமண்டலத்தில் இப்போது எத்தனை பெண் ஆயர்கள் பணியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தச் சபைகள் தரப்படுகின்றன என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரை நேரில் சந்தித்துப் பேசுங்கள். சுற்றறிக்கைகளில் கிடைக்காத தகவல் அங்கே கிடைக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் மணமாகாத ஆண்களுக்கு மட்டுமே. அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இறையியல் படிக்கத் தடையில்லை. ஆனால் அவர்களுக்கான பணி மறைக்கல்வி, விவிலியப் பயிற்சி, கற்பித்தல் என்ற திசைகளில் அமையும்.

எந்தப் பட்டம்?

சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரும்பாலோர் போவது செராம்பூர் வழி. கொல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் இருக்கும் செராம்பூரில் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1818 இல் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஊர் அப்போது டென்மார்க் வசம் இருந்தது. 1706 இல் தரங்கம்பாடி வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பிய அதே அரச பரம்பரை, 1827 இல் இந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனத்தைக் கொடுத்தது. 1918 இல் வங்காளத்தில் இயற்றிய சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இன்று நாடெங்கும் உள்ள பல இறையியல் கல்லூரிகள் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டுடன் இணைக்கப்பட்டவை. பாடத்திட்டமும் தேர்வும் பொது.

இந்த வழியில் அடிப்படைப் பட்டம் பி.டி. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான்கு ஆண்டு. அதன்மேல் இரண்டு ஆண்டு எம்.டிஎச். என்ற முதுநிலைப் பட்டம்; அதன்மேல் முனைவர் பட்டம். பி.டி. பட்டத்தில் எல்லாத் துறைகளும் கலந்து வரும்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், அறநெறி, ஆயர் பணி. எம்.டிஎச். ஒரே துறையில் ஆழ்வது. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படிக்க விரும்பும் சபையாருக்கு பி.சி.எஸ். என்ற வெளிநிலைப் பட்டமும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இரண்டாவது வழி, ஆசிய இறையியல் சங்கத்தின் தர அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள். சுவிசேஷக் கொள்கையில் அழுத்தமாக நிற்பவர்களும் பெந்தெகொஸ்தே, தனிச்சபை, மிஷனரி இயக்கப் பின்னணி உள்ளவர்களும் அதிகம் போவது இங்கே. மூன்றாண்டு எம்.டிவ்., இரண்டாண்டு எம்.ஏ. என்று பட்டங்களின் பெயர் மாறும். பெங்களூரின் சையாக்ஸ் கல்லூரி இந்த வரிசையில் மேற்படிப்புக்குப் பேர்போனது.

கத்தோலிக்க வழியில் குருமாணவர்கள் முதலில் மெய்யியல் படித்து, இடையில் களப்பணி செய்து, பிறகு நான்கு ஆண்டு இறையியல் படிப்பார்கள். தமிழ்நாட்டில் பூந்தமல்லி திருஇதயக் குருத்துவக் கல்லூரி, திருச்சி தூய பவுல் குருத்துவக் கல்லூரி, கோவை நல்லாயன் குருத்துவக் கல்லூரி ஆகியவை பலரும் அறிந்தவை. மேற்படிப்பான லைசென்சியேட்டுக்குப் புனேயின் ஞானதீப வித்யாபீடம், பெங்களூர் தர்மாராம், டெல்லி வித்யாஜோதி போன்ற இடங்களுக்குப் போவார்கள். புனே கல்லூரி 1893 இல் கண்டியில் தொடங்கி 1955 இல் இடம் மாறியது. அந்நாளில் இந்தியக் குருமாணவர்கள் பலர் இலங்கைக்குக் கடல் கடந்து போய்ப் படித்தார்கள்.

இலங்கைத் தமிழர்களுக்கு, பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து நடத்துவது. தமிழிலும் சிங்களத்திலும் கற்பிப்பது.

நான்காவது வழி பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகளுக்கென்று தனித்துறை இருக்கிறது. அங்கே படிப்பது ஆயர் பயிற்சி அல்ல. சமயத்தைக் கல்வித்துறையாகப் படிப்பது. வேற்றுச் சமய நண்பர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து சொந்த விசுவாசத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்வதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: இறையியல் பட்டத்தை வைத்துப் பிறகு அரசு வேலைக்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கோ போக எண்ணமிருந்தால், அந்த இடத்தில் இந்தப் பட்டம் செல்லுமா என்று சேருமுன்னே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

எந்தக் கல்லூரி?

மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969 இல் தொடங்கியது. தமிழிலேயே பி.டி. படிக்க முடியும் என்பது அதன் பெரிய பலம். சென்னை கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரிக்கும் பெங்களூரின் யுனைடெட் தியாலஜிகல் காலேஜுக்கும் (யு.டி.சி.) மேற்படிப்பில் நல்ல பெயர். யு.டி.சி. 1910 முதல் நடக்கிறது; பல மாநிலத்தவரும் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய ஒரு உரையிலிருந்துதான் தலித் இறையியல் என்ற துறை வளர்ந்ததாகச் சொல்வார்கள். பிறகு குருகுலில் அதற்கென்று தனித் துறையே வந்தது. நிர்மலும் அங்கே பணியாற்றினார்.

விளம்பரப் புத்தகத்தில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழ்கள் மேசைமேல் இருக்கின்றனவா? மாலையில் மாணவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா? நீங்கள் படிக்க விரும்பும் துறையில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, விருந்தினர் ஆசிரியரை வைத்து ஓட்டுகிறார்களா? சாப்பாட்டு அறையில் கடைசி ஆண்டு மாணவர்களுடன் உட்கார்ந்து, "இங்கே வந்து உங்கள் ஜெப வாழ்க்கை எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? கிராமச் சபைகளில் பணி செய்வதுதான் நோக்கம் என்றால் தமிழ் வழியில் படிப்பதைக் குறைவாக நினைக்கவே வேண்டாம். எம்.டிஎச்., வெளிநாடு என்ற எண்ணம் இருந்தால் ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள். "மீட்பு", "கிருபை", "உடன்படிக்கை" என்று பிரசங்கத்தில் புழங்கும் சொற்களுக்குப் பின்னால் நீங்கள் வகுப்பில் கேட்ட விவாதம் முழுவதும் வந்து உட்கார வேண்டும். அது தானாக நடக்காது.

விண்ணப்பம்

இங்கே அவசரம் கூடாது. ஓராண்டு முன்பே தொடங்கினால் நிம்மதி.

முதலில் உங்கள் சேகரத்து (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) ஆயரிடம் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் அவரிடமிருந்துதான் தொடங்கும். திருமண்டலத் தேர்வுக் குழு, மருத்துவப் பரிசோதனை, பேராயரின் ஒப்புதல் என்று அது நகர்ந்து போக மாதங்கள் ஆகும். திருமண்டலம் அனுப்பினால் நீங்கள் ஸ்பான்சர் பெற்ற மாணவர். கட்டணத்தில் ஒரு பங்கையாவது அவர்கள் ஏற்பார்கள். படித்தபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் அந்த நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள். ஸ்பான்சர் இல்லாமல் தனியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் செலவும், பிறகு பணி தேடுவதும் உங்கள் பொறுப்பு.

பிறகு சான்றிதழ்கள்: ஞானஸ்நானம், திடப்படுத்தல், பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ். ஞானஸ்நானச் சான்றிதழில் உள்ள பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்பது நம் ஊரில் சகஜம். விண்ணப்பம் போடுமுன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

நுழைவுத் தேர்வில் பொதுவாக வேதாகம அறிவும் ஒரு கட்டுரையும் இருக்கும். பிறகு நேர்முகம். "அழைப்பை எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். மனப்பாடம் செய்த சாட்சியைச் சொல்லாதீர்கள். கேட்பவர்கள் அதை ஆண்டுதோறும் கேட்டுப் பழகியவர்கள். சபையில் நீங்கள் உண்மையாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றீர்களா? அதைச் சொல்லுங்கள்.

சேரும் முன் ஆறு மாதம்

வேதாகமத்தை ஒருமுறை முழுதாகப் படித்து முடியுங்கள், வம்ச வரலாறுகளையும் விடாமல். வகுப்பில் "எரேமியா 31 நினைவிருக்கிறதா?" என்று கேட்டால் பாதிப் பேர் புரட்டத் தொடங்குவார்கள். நீங்கள் அந்தப் பாதியில் இருக்க வேண்டாம். பழைய மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள், 1995 இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். முதல் ஆண்டில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடமாகும்.

ஆங்கிலம் தடுமாறினால் தினம் ஒரு நாளிதழ்த் தலையங்கம் படித்துச் சுருக்கி எழுதுங்கள். தட்டச்சு பழகுங்கள், தமிழிலும்தான். மேற்கோள் குறிப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள சொட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இப்போதே பழகினால் ஆய்வேட்டுக் காலத்தில் தூக்கம் மிச்சம்.

எபிரேயமும் கிரேக்கமும்

பலரும் பயப்படுவது இங்கேதான். கிரேக்கத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மாணவருக்கு, பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆகும். நாம் வேற்றுமை உருபுகளோடு வளர்ந்தவர்கள். வீட்டை, வீட்டுக்கு, வீட்டின் என்பது நாக்கில் இருக்கிறது. நமக்குச் சிரமம் தருவது கிரேக்கத்தின் சுட்டிடைச்சொல்லும் (ஆங்கிலத்தின் 'the' போன்றது), மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் பார்ப்பதும்தான். எபிரேயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடம். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை.

தேர்வுக்கு முந்தின இரவில் உட்கார்ந்து மொழி படிக்க முடியாது. தினமும் அரை மணி நேரம், ஞாயிறும் விடாமல். பத்துச் சொல் புதிதாக, இருபது சொல் பழையதாக. படுக்கப் போகுமுன் கிரேக்கத்தில் ஒரு வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஸ்டெப் பைபிள் என்ற இலவசத் தளத்தில் ஒவ்வொரு சொல்லையும் தொட்டால் இலக்கணம் காட்டும். ஆனால் அதைத் திறக்குமுன் நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஒரு வேதபகுதியில் வேலை செய்வது எப்படி?

இறையியல் கல்வியின் இதயம் என்று நான் நினைப்பது விளக்கவுரைக் கட்டுரை. மாற்கு 7:24-30 ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன். தீருவின் எல்லைக்குப் போன இயேசுவிடம் சீரோபெனிக்கியப் பெண் ஒருத்தி மகளுக்காகக் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது சரியல்ல என்கிறார் இயேசு. மேசையின் கீழிருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளைத் தின்னுமே என்கிறாள் அவள். மகள் குணமாகிறாள்.

முதலில் பாடத்தை, அதாவது மூலத்தில் உள்ள சொற்களை, உறுதிசெய்யுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 24 ஆம் வசனத்தில் "தீரு சீதோன்" என்று இரண்டு ஊர் இருக்கும். திருவிவிலியத்தில் தீர் மட்டும். காரணம், கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு விதமாக இருப்பதுதான். மத்தேயுவின் கதையில் இரண்டு ஊரும் வருவதால், மாற்குவைப் படியெடுத்தவர் அதை நினைத்துச் சேர்த்திருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. வெளித்தோற்றத்துக்குச் சின்ன விஷயம். ஆனால் வேதாகமம் கைகளால் எழுதப்பட்டு நம்மிடம் வந்தது என்பதை மாணவர் முதன்முதலாகத் தொட்டு உணரும் இடம் இது.

அடுத்து முன்னும் பின்னும் பாருங்கள். இதற்குச் சற்று முன்புதான் கை கழுவாமல் சாப்பிடுவது பற்றிய சண்டை. எது தீட்டு என்ற கேள்வி. அதற்கும் முன் ஐயாயிரம் பேர் சாப்பிட்டு 12 கூடை மீதி. எட்டாம் அதிகாரத்தில் நாலாயிரம் பேர், 7 கூடை. இரண்டு விருந்துக்கும் நடுவில் இந்தப் பெண் துணுக்கு கேட்கிறாள். மாற்கு இதை இங்கே வைத்தது தற்செயல் அல்ல என்பது உங்களுக்கே தெரியத் தொடங்கும்.

பிறகு மத்தேயு 15 ஐப் பக்கத்தில் வையுங்கள். அங்கே அவள் கானானியப் பெண். சீஷர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். கடைசியில் இயேசு அவள் விசுவாசத்தைப் புகழ்கிறார். மாற்குவில் விசுவாசம் என்ற சொல்லே இந்தக் கதையில் இல்லை. அவள் சொன்ன பதிலுக்காகத்தான் மகள் குணமாகிறாள். இரண்டு சுவிசேஷகரும் எதை வலியுறுத்துகிறார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிடாதீர்கள்.

அப்புறம் பின்புலம். தீரு பணக்காரத் துறைமுகம். அதற்குத் தானியம் கலிலேய உழவர்களிடமிருந்து போனது. பசித்த கலிலேயப் பிள்ளைகளின் அப்பம் தீருவின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்த சூழலில் இந்த வார்த்தை எப்படி ஒலித்திருக்கும் என்று ஜெர்மன் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் கெர்ட் தைசன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின் இந்தக் கதையைப் பழைய மாதிரி வாசிக்க முடியாது.

இவ்வளவும் செய்துவிட்டு, கட்டுரையைக் கொடுக்குமுன், பகுதியைச் சபையில் வாசியுங்கள். யார் முதலில் சாப்பிடுவது, யார் மீதியைச் சாப்பிடுவது என்பதை வாழ்க்கையில் அனுபவித்த பெண்கள் நம் சேரிச் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் கேட்டதும் சொல்வதை விளக்கவுரைகளில் தேடினாலும் கிடைக்காது. அரசரடியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, மாணவர்கள் 'பரட்டை' என்று அன்பாக அழைத்தவர், எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதையே தம் இறையியலின் நடுவில் வைத்தார். அதை நாட்டுப்புற இசையில் வழிபாடாகவும் அமைத்தார். மாற்குவின் மேசையையும் அந்த உலையையும் ஒன்றாக யோசிக்கும்போது படிப்பு உங்களுடையதாகிறது. இந்தப் பகுதிக்கு மட்டும் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

களப்பணி

வார இறுதியில் ஒரு சபைக்கோ, குடிசைப் பகுதிக்கோ, மருத்துவமனைக்கோ, சிறைக்கோ அனுப்புவார்கள். சிலர் இதைப் படிப்புக்கு இடைஞ்சலாக நினைத்து, அறிக்கையை நண்பரிடம் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் ஜெபிக்கத் தொடங்கிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அவர் பேசி முடிக்கும்வரை கேட்பதே பெரிய பயிற்சி. அதை முறையாகக் கற்க விரும்பினால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஆற்றுப்படுத்தும் பணிக்கான மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறது. நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரி வரியாக எழுதி, குழுவில் வைத்து விவாதிப்பார்கள். "கவலைப்படாதீங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று எந்த இடத்தில் அவர் பேச்சை வெட்டினீர்கள் என்பது அந்தத் தாளில் அப்பட்டமாகத் தெரியும்.

ஜெப வாழ்வு

இரண்டாம் ஆண்டில் பலருக்கு ஒரு வறட்சி வரும். மோசேயின் ஐந்து நூல்களை ஒருவரே எழுதவில்லை என்று படிக்கிறார்கள். ஏசாயா நூலில் பல காலங்களின் குரல் உண்டு என்று படிக்கிறார்கள். காலை தியானத்தில் வேதாகமத்தைத் திறந்தால் ஆய்வுக் கேள்விகள்தான் வருகின்றன. இது விசுவாசம் போய்விட்டதன் அடையாளம் அல்ல. சிறுவயதில் போட்ட சட்டை இப்போது பற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதைத் தனியாகத் தாங்காதீர்கள். வகுப்பு எடுக்காத ஒருவரை ஆன்மிக வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பேசுங்கள்.

ஆய்வுக்கு ஒரு பகுதி, ஜெபத்துக்கு வேறு பகுதி என்று பிரித்துக்கொள்வது உதவும். வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், அமைதியில் இருத்தல் என்ற பழைய துறவியரின் நான்கு படி முறை எளிமையானது. இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து நன்றியும் மனஸ்தாபமும் சொல்லும் இஞ்ஞாசியாரின் முறை பத்து நிமிடம்தான். சீர்திருத்தச் சபை மாணவர்கள் இவற்றைக் கத்தோலிக்கருடையது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

விடுமுறையில் சில நாட்கள் ஆசிரமத்தில் தங்குங்கள். 1921 இல் மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், சீர்திருத்தச் சபையினர் இந்திய முறையில் வாழ்ந்து பார்த்த முன்னோடி இடம். 1950 இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் மோன்ஷானேன், அபிஷிக்தானந்தா ஆகிய இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய சாந்திவனம் கத்தோலிக்க மரபில் அதேபோன்ற தேடல். அங்கே நடக்கும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்றில்லை. அமைதியாக இருந்து, கேள்விகளோடு திரும்பி வந்தாலே போதும்.

பணமும் குடும்பமும்

திருமணமானவர்களுக்குக் குடும்ப விடுதி கிடைக்குமா, துணைவருக்கு வேலையோ படிப்போ அருகில் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். வேலையை விட்டு வருகிறவர்கள் கடன் தவணைகளை முடித்துவிட்டு வருவது நல்லது. வெளிநாட்டில் தெரிந்தவர்களின் உதவியை நம்பி வருவதாக இருந்தால், முழுப் படிப்புக்கும் அதை எழுத்தில் வாங்குங்கள். சொந்தச் சபையில் பத்துக் குடும்பங்கள் மாதம் ஒரு தொகை கொடுக்க முன்வந்தால் அதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பணத்தோடு கேள்வியும் வரும், ஜெபமும் வரும்.

எம்.டிஎச்., அதற்கு மேல்

பி.டி. முடித்தவுடன் எம்.டிஎச். போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று ஆண்டு சபையில் வேலை செய்யுங்கள். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று அங்கேதான் தெரியும். பழைய ஏற்பாட்டுக்கு எபிரேயமும் புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கமும் கட்டாயம் என்பதால், இடைப்பட்ட காலத்தில் மொழியை விட்டுவிட வேண்டாம்.

துறையைத் தேர்வதில் மதிப்பையோ ஆசிரியர் வேலை வாய்ப்பையோ மட்டும் பார்க்காதீர்கள். திருச்சபை வரலாறு தமிழருக்கு ஒரு சுரங்கம், ஆனால் அதில் இறங்குவோர் போதவில்லை. தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதியனுப்பிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து பிராங்கே அறக்கட்டளையில் இருக்கின்றன. யு.டி.சி. ஆவணக்காப்பகத்திலும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் பழைய தமிழ்க் கிறிஸ்தவ அச்சுநூல்கள் காத்திருக்கின்றன. உங்கள் சேகரத்துப் பழைய பதிவேடுகளைக்கூட விடாதீர்கள். கரையான் அரிக்குமுன் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தைவிட வழிகாட்டும் பேராசிரியரைத் தேடுங்கள். அவர் எழுதியதில் இரண்டையாவது படித்துவிட்டு, உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். லாங்ஹாம் உதவித்தொகையும் ஹாம்பர்க் மிஷன் அகாதமியின் உதவித்தொகையும் நம் நாட்டினர் பெற்றுப் படித்தவை. பெரும்பாலும் சொந்த நாட்டுத் திருச்சபையோ கல்லூரியோ பரிந்துரைக்க வேண்டும், படித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

ஆய்வேடு

தலைப்பு சிறியதாக இருக்கட்டும். "தமிழ்நாட்டில் பெண்களும் திருச்சபையும்" என்பது ஓர் ஆயுளுக்கான வேலை. ஒரு சேகரம், ஒரு காலம், ஒரு கேள்வி என்று குறுக்குங்கள். முதல் மாதத்திலேயே நெறியாளரோடு சேர்ந்து, ஆதாரங்கள் கையில் கிடைக்கும் தலைப்புதானா என்று சரிபாருங்கள்.

நேர்காணல் எடுப்பதாக இருந்தால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தமிழில் எழுதி, படித்துக்காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேசியதை அன்றிரவே எழுத்தாக்குங்கள். மறுவாரம் கேட்டால் பாதி வட்டார வழக்கு புரியாமல் போகும். அதை ஆங்கிலத்தில் மாற்றினாலும் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேட்டின் முடிவுகளைத் தமிழில் நாலைந்து பக்கமாக எழுதி, உங்களோடு பேசியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "நான் அப்படிச் சொல்லலையே" என்று திருத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைக் கட்டுரையாகவோ புத்தகமாகவோ வெளியிடும்போது அந்தத் திருத்தமும் அதில் வர வேண்டும்.